இருபத்தேழாவது வரி

குடவாசல் பேருந்து நிலையத்துக்கு எதிரே மெஹராஜ் பேகம் நடத்தும் இ-சேவை மையத்துக்குள் மாலதி நுழைந்தபோது காலை ஒன்பதரை மணி. வருமானச் சான்று, பட்டா நகல் என்று வரிசையில் நின்றவர்களை அவள் கண்டுகொள்ளவே இல்லை. நேரே மேசைக்கு வந்து கைப்பேசியை வைத்தாள்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் அறுப்பு மெஷின் எங்க தெருவுக்கு வருது. என் ஒருத்தி வயலுக்கு மட்டும். மத்த பதினோரு பேரு பேரையும் யாரு எடுத்தாங்கன்னு அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும். இல்லன்னா மெஷினை நான் வயல்ல இறங்க விடமாட்டேன். கதிர் சாஞ்சு மொளைச்சாலும் சரி."

மூலை மேசையில் யாருக்கோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த ராஜராஜனின் பேனா நின்றுவிட்டது. முப்பது வருஷம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவன் யார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பது அவர் பெருமை. அதில் எத்தனை முறை தப்பாகச் சொன்னார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்து உட்கார்ந்தவருக்கு மெஹராஜின் இன்னொரு வேலைதான் உயிர். ஒருவர் நிலம் இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டால், செத்தவர் கையெழுத்துப் போட்டிருந்தால், குடவாசல் சுற்றுவட்டாரத்தில் முதலில் தேடி வருவது இந்த அம்மாளைத்தான். போர்டு ஒன்றும் கிடையாது. சத்தம் போடாமல் கேள்வி கேட்பார், கேட்டதை மறக்க மாட்டார், அவ்வளவுதான்.

"உக்காரும்மா. முதல்லேருந்து சொல்லு" என்றார் மெஹராஜ்.

மாலதி மேலத்தோப்புத் தெருக்காரி. புருஷன் குவைத்தில் டிரைவர். அவள் நாலு மா நிலம், ஒன்றேகால் ஏக்கர் போல, குத்தகைக்கு எடுத்து சம்பா போட்டிருக்கிறாள். வாய்க்காலின் கடைசி வயல். போர் கிடையாது, ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் உண்டு. தெருவில் பன்னிரண்டு குடும்பம், எல்லாமே குத்தகை. மகளிர் குழுத் தலைவி என்பதால் ரேஷன் குறுஞ்செய்தி முதல் காஸ் பதிவு வரை பாதித் தெருவுக்கு அவள் நம்பர்தான் நம்பர். மற்ற வீடுகளில் போன் இல்லாமல் இல்லை. ஒன்று பட்டன் போன், இன்னொன்று ரீசார்ஜ் முடிந்தது, மூன்றாவது காலேஜுக்குப் போன பெண்ணின் கையில் இருக்கும்.

கதிர்வயல் உழவர் நிறுவனத்தில் அறுப்பு மெஷின் வாடகைக்கு விடுகிறார்கள். போனில் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும், முன்பதிவு ஆகிவிடும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே மாலதி வீட்டு வாசலில் கூட, அவள் ஒவ்வொருவருக்காகப் பதிவு செய்தாள். பன்னிரண்டு பதிவு, பன்னிரண்டு குறுஞ்செய்தி. நேற்று முன்தினம் வந்த பட்டியலில் தெருவுக்கே ஒரே பெயர்தான் இருந்தது. அவள் பெயர்.

"பக்கிரி அண்ணன் தண்ணிக் குழாய்கிட்ட நின்னு கத்திட்டாங்க. எல்லாரு பேரையும் எடுக்க வச்சுட்டு தன் பேரை மட்டும் வச்சுக்கிட்டாளாம். அன்னையிலேருந்து தெருவுல ஒருத்தரும் என்கிட்ட பேசலக்கா. என் பொண்ணு விளையாடப் போனா, பிள்ளைங்களை உள்ள கூப்பிட்டுக்குறாங்க. மெஷின் என் வயல்ல மட்டும் இறங்கிட்டா, அவங்க சொன்னது நெசம்னு ஆயிடும். அதுக்கப்புறம் நான் அந்தத் தெருவுல எப்படிக் குடியிருக்குறது?"

அவள் அழவில்லை. அழ வந்தவள் மாதிரியும் இல்லை. முடிவோடு வந்திருந்தாள்.

மெஹராஜ் அவள் கைப்பேசியில் குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலாவது பக்கிரி, ஐந்து மா, காலை 10.31. கடைசி மாலதி, நாலு மா, 10.52. நடுவில் பத்து பெயர்.

"உன் பேரை ஏன் கடைசியில போட்ட?"

"அடுத்தவங்களுது முடிஞ்சுதானே நம்மளது போடணும்? வாசல்ல வந்து நிக்கிறவங்களை வச்சுக்கிட்டு என் பேரை முதல்ல போட முடியுமாக்கா?" மாலதிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

கடைசியில் பதிந்தவள் பெயர் மட்டும் மிச்சம் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று ராஜராஜன் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

பத்தரை மணிக்கு மெஹராஜும் ராஜராஜனும் உழவர் நிறுவனத்தில் இருந்தார்கள். பழைய நெல் கிடங்கின் முன்பக்கம் இரண்டு அறை. ஒன்றில் உர மூட்டை, இன்னொன்றில் கணினியும் நுஸைபாவும். அவள்தான் அங்கே கணினி வேலை எல்லாம் பார்ப்பவள். மாலதியோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. தெரு இதையும் விட்டுவைக்கவில்லை. சிநேகிதியை வைத்துத்தான் மாலதி பெயர்களை எடுத்தாள் என்பது பக்கிரி கட்சி.

நுஸைபா மறைக்காமல் காட்டினாள். படிவத்தில் நிரப்புவது முதலில் டேட்டாபேஸில் போய் உட்கார்கிறது. குறுஞ்செய்தி அங்கிருந்து போகிறது. மெஷின் டிரைவருக்கு டேட்டாபேஸ் எல்லாம் ஆகாது. அதனால் அங்கிருந்து ஒவ்வொரு பதிவையும் ஒரு ஷீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆட்டோமேஷன் வைத்திருக்கிறாள். அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். இது நடந்தால் இதைப் பார், பார்த்த பிறகு இதைச் செய் என்று கோடு இழுத்து இணைத்தால் வேலை தானாக நடக்கும். ஷீட்டில் வந்த வரிசைப்படியே மெஷின் வயலுக்குப் போகும்.

"டேட்டாபேஸ்ல பாருங்கக்கா. பன்னெண்டும் இருக்கு."

இருந்தது. பக்கிரி முதல் மாலதி வரை பன்னிரண்டு பெயரும் நேரத்தோடு பத்திரமாக இருந்தன. அப்படியானால் ஷீட்டுக்குப் போன பிறகுதான் யாரோ அழித்திருக்கிறார்கள் என்றார் ராஜராஜன்.

நுஸைபா தலையாட்டி மறுத்தாள். அதைத்தான் அவளும் இரண்டு நாளாகத் தேடுகிறாள். ஷீட்டில் யார் எந்த வரியை அழித்தாலும் அதன் திருத்த வரலாற்றில் பதிவாகும். ஒரு வரிகூட அழிக்கப்படவில்லை. மேலத்தோப்பு வரியில் எந்த மனுஷன் கையும் படவே இல்லை. தொட்டது ஆட்டோமேஷன் மட்டும்தான்.

"போன குறுவை அறுப்புக்கும் இப்படித்தான் மாலதி போன்லேருந்து போட்டாங்களா?" என்று கேட்டார் மெஹராஜ்.

"ஆமாக்கா. அப்பல்லாம் எல்லாரு பேரும் சரியா வந்துச்சு."

"குறுவைக்கப்புறம் இதுல எதையாவது மாத்துனியாம்மா?"

ஒரே ஒரு கட்டம் சேர்த்ததாகச் சொன்னாள். நெட்வொர்க் சரியில்லாத ஊர்களில் ஆட்கள் ஒரே பதிவை இரண்டு தடவை அமுக்கிவிடுகிறார்கள். ஒரே வயலுக்கு மெஷின் இரண்டு தடவை போய் நின்று டீசல் வீணானது. டிரைவர் ராஜ்குமார் சண்டைக்கே வந்துவிட்டான். அதனால் இரட்டைப் பதிவு ஷீட்டில் ஏறாதபடி இந்தப் போகத்துக்குச் சரிசெய்துவிட்டாள். மெஹராஜ் அதற்கு மேல் கேட்கவில்லை. ஷீட்டை அச்செடுத்து வாங்கிக்கொண்டார்.

ராஜ்குமார் வெளியே மெஷினின் பெல்ட்டில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனும் ஒளிவு மறைவு இல்லாமல்தான் பேசினான். துண்டு துண்டாக நாலு மா, அஞ்சு மா என்றால் திருப்பவே நேரம் போய்விடும், பெரிய பண்ணை என்றால் ஒரே மூச்சில் முடிந்துவிடும், தனக்கு மேலத்தோப்பு பிடிக்காதுதான் என்றான். பட்டியலில் இல்லாத வயலில் இறங்கினால் அடுத்த ஊர்க்காரன் வண்டியைக் கொளுத்திவிடுவான் என்றும் சொன்னான். அந்தப் பதினோரு பேரும் இனி புதிதாகப் பதிந்தால் முறை வர பதினைந்து நாள் ஆகும். நாலு நாளில் மழை என்று வானிலைச் செய்தியில் சொல்லியாகிவிட்டது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் ராஜராஜன் அச்செடுத்த தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினார். இரண்டு நிமிஷத்தில் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ம்மா, சிக்கிட்டா. இங்க பாருங்க. இருபத்தாறாவது வரி 10.28. இருபத்தெட்டாவது வரி 10.36. நடுவுல இருபத்தேழாவதா மாலதி. அவ நேரம் என்ன? 10.52. பின்னாடி வந்தவ முன்னாடி வந்து உக்காந்திருக்கா. வரிசையைத் தாண்டி ஏறியிருக்காம்மா. அந்த நுஸைபா பொண்ணு ஏத்தி விட்டுருக்கு."

"நேரம் கரெக்டா பாத்தீங்கண்ணே. அந்த வரியைக் கடைசி வரைக்கும் படிங்க."

கடைசிக் கட்டத்தில் குறிப்பு என்று இருந்தது. ராஜராஜன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். 'கிழக்கு வரப்பில் போர் குழாய் புதைத்திருக்கிறது. மேற்கே மதகுப் பக்கமாக இறக்கவும்.'

"நல்ல விவரமான பொண்ணு. மெஷின் குழாயை உடைச்சிடக் கூடாதுன்னு எழுதியிருக்கு" என்றார்.

மெஹராஜ் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு, சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரும் நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்றும், பக்கிரியைக் கூட்டி வருவது ராஜராஜனின் பொறுப்பு என்றும் சொன்னார். அது லேசான பொறுப்பு இல்லை. அந்தத் துரோகி முகத்தில் விழிக்க மாட்டேன் என்று பக்கிரி பிடிவாதமாக நின்றார். ஐந்து மா நெல்லும் தலை சாய்ந்து கிடக்கிற வயிற்றெரிச்சல் அவருக்கு. பஸ்ஸில் படியில் தொங்குகிறவனை உள்ளே ஏற்றுகிற பழைய அதட்டல் ஒன்றைப் போட்டுத்தான் ராஜராஜன் அவரைத் தன் வண்டியில் ஏற்றினார்.

நாலு மணிக்குக் கணினி அறையில் ஆறு பேர். மாலதி ஜன்னலோரம் நின்றாள். பக்கிரி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ராஜ்குமார் கதவில் சாய்ந்திருந்தான். நுஸைபாவின் கை விசைப்பலகையில் இருந்தாலும் கண் மெஹராஜ் மேல்தான்.

மெஹராஜ் முதல் கேள்வியைப் பக்கிரியிடம் கேட்டார்.

"பக்கிரி அண்ணே, உங்க வயல்ல போர் குழாய் எந்தப் பக்கம் போகுது?"

"கிழக்கு வரப்புல. ஏன்?"

"பதிவு பண்ணும்போது அதைச் சொன்னீங்களா?"

"சொல்லாமலா? மெஷின் ஏறி நொறுக்கிட்டா யாரு குழாய் மாத்தித் தர்றது? மதகுப் பக்கமா வரச் சொல்லி எழுதச் சொன்னேன். இவதான் எழுதினா."

"வேற யாராவது குறிப்பு சொன்னாங்களா?"

நுஸைபா டேட்டாபேஸைப் பார்த்தாள், வேறு யாரும் சொல்லவில்லை. மற்ற பதினொன்றிலும் அந்தக் கட்டம் காலி. ராஜராஜன் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தார். வாய்க்கால் கடைசி வயல், போர் கிடையாது என்று காலையிலேயே மாலதி சொன்னாளே! போரே இல்லாத வயலுக்குக் குழாய் எங்கிருந்து வந்தது?

"மாலதி வரியில இருக்குறது உங்க குறிப்பு, அண்ணே" என்றார் மெஹராஜ். "பேரை அழிச்சுத் தன் பேரை வைக்கிறவ, உங்க குழாயை மட்டும் எதுக்குத் தன் வரியில வச்சுக்கணும்? இன்னொண்ணு. அந்த வரி இருக்குற இடம் 10.28-க்கும் 10.36-க்கும் நடுவுல. மாலதி பதிஞ்சது 10.52. ராஜராஜன் அண்ணன் அவ முன்னாடி ஏறிட்டான்னு சொன்னாங்க. ஏறல. அந்த எடத்துக்குரிய நேரம் 10.31. அது பக்கிரி அண்ணன் பதிஞ்ச நேரம். அந்த வரி பொறந்தப்ப அதுல இருந்தது உங்க பேரு."

பக்கிரி முதல் தடவையாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"வரி எதுவும் அழியலன்னு நுஸைபா சொன்னது நெசம். பன்னெண்டு வரி வந்து பதினொண்ணு போகல. வந்ததே ஒரு வரிதான். அதுமேல பன்னெண்டு பேரு ஏறி ஏறி இறங்கியிருக்காங்க. நுஸைபா, ரெட்டைப் பதிவைத் தடுக்க ஒரு கட்டம் வச்சியே, ரெண்டும் ஒரே ஆளுதான்னு அது எதை வச்சுக் கண்டுபிடிக்கும்?"

நுஸைபா ஆட்டோமேஷனைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தாள்.

"போன் நம்பர்" என்றாள். "ஷீட்டுல அந்த நம்பர் ஏற்கனவே இருந்தா புது வரி போடாத, பழைய வரியைத் திருத்துன்னு வச்சிருக்கேன். புதுசுல காலியா இருக்குற கட்டத்தைத் தொடாம பழசையே வச்சிரும்."

மெஹராஜ் தன் கைப்பேசியை ராஜராஜனிடம் நீட்டினார். அவர் தன் பெயரில் இரண்டு மா என்று ஒரு பதிவு போட்டார். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். ஷீட்டின் அடியில் ராஜராஜன் என்று ஒரு வரி வந்தது. அதே போனில் ராஜ்குமார் பெயரில் இன்னொன்று போடச் சொன்னார் மெஹராஜ். புது வரி வரவில்லை. அவர்கள் கண்ணெதிரே ராஜராஜன் என்ற பெயர் மாறி அந்த இடத்தில் ராஜ்குமார் என்று வந்தது.

"அடப்பாவி, என்னை முழுங்கிடுச்சே" என்றார் ராஜராஜன்.

நுஸைபா இருபத்தேழாவது வரியின் பெயர்க் கட்டத்தில் பழைய திருத்தங்களைத் திறந்தாள். மாலதிக்கு முன்னால் யார், அதற்கு முன்னால் யார் என்று பின்னோக்கிப் போனாள். தெருவின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் வந்து நின்றது பக்கிரி.

"ஒரு நம்பருன்னா ஒரு ஆளுன்னு நெனச்சுட்டேன்கா. எங்க வீட்டுல ஆறு பேருக்கு ஏழு நம்பர். ஒரு தெருவுக்கே ஒரு நம்பர் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றாள் நுஸைபா. சொல்லிக்கொண்டே வேலையில் இறங்கினாள். டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி எண் கொடுக்கிறது. போன் நம்பரை எடுத்துவிட்டு, அந்தப் பதிவு எண்ணை வைத்து ஆளைப் பார்க்கும்படி கட்டத்தை மாற்றினாள். இரட்டைப் பதிவுகளைத் தானே கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்வதாக ராஜ்குமாரிடம் சொன்னாள். சோதனைக்குப் போட்டதை நீக்கிவிட்டு, ஷீட்டைக் காலிசெய்து, இந்தப் போகத்தின் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

ஷீட் வளர்ந்தது. மேலத்தோப்பின் பன்னிரண்டும் அவரவர் நேரப்படி வந்து உட்கார்ந்தன. அதோடு நிற்கவில்லை. ஒரு பம்ப்செட் மெக்கானிக் நம்பரில் ஒன்பது பேர், ஒரு சத்துணவு டீச்சர் நம்பரில் ஆறு பேர் என்று வேறு ஊர்களிலும் காணாமல் போயிருந்தவர்கள் வந்தார்கள். அங்கே எத்தனை பேர் யாரைத் திட்டிக்கொண்டிருந்தார்களோ! முறை வந்தும் விட்டுப்போனவர்களை நாளைக்கே முடிக்க வேண்டும், இன்னொரு மெஷினையும் வரவழைத்தால்தான் மழைக்கு முன் ஆகும் என்று சொன்ன ராஜ்குமார் அப்போதே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மெஹராஜ் பக்கிரியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு யோசிச்சீங்களாண்ணே? இவ தன் பேரை முதல்ல போட்டிருந்தா, முதல்ல இவ பேரைத்தான் அது முழுங்கியிருக்கும். கடைசியா யாருது போட்டாளோ அவங்கதான் மாட்டியிருப்பாங்க. உங்களையெல்லாம் முன்னாடி விட்டுட்டு இவ பின்னாடி நின்னா. அதுக்குத்தான் தெரு இவளைத் திருடின்னுச்சு."

பக்கிரி எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"தப்புதாம்மா. வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

மாலதி அசையவில்லை.

"இந்த ரூமுக்குள்ள சொன்னா ஆச்சாண்ணே? திட்டினப்ப ஊருக்கே கேட்டுச்சு. தெருவுல வந்து சொல்லுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லுங்க. நான் கூட நிப்பேன்."

பக்கிரி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ராஜராஜன் அவர்களைக் கொண்டுபோய் விடுகிற சாக்கில் கூடவே போனார். காலையிலிருந்து மாலதி, நுஸைபா என்று இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்தவர் அவர். இப்போது மாலதியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மேலத்தோப்பில் பக்கிரி முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். யார் வந்தாலும் ஒரே பேச்சுதான். நான் சொன்னது பொய், இந்தப் பிள்ளை யார் பேரையும் எடுக்கல, கம்ப்யூட்டர்ல வச்ச ஏற்பாட்டுல தப்பு, நம்ம பேரெல்லாம் திரும்ப வந்தாச்சு, நாளைக்கு எல்லாரு வயல்லயும் மெஷின் இறங்குது. ஒவ்வொரு வீட்டிலும் குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் ஒரு வார்த்தை குறையவில்லை. ஒரு வீட்டில் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்னொரு வீட்டில் நாங்க அப்பவே நம்பலையே என்று கூசாமல் சொன்னார்கள். மாலதி இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பத்து வீடும் முடிந்தது.

பதினோராவது பக்கிரியின் சொந்த வீடு. அதையும் விடாமல் வெளியே நின்றுதான் தட்டினார். கரண்டியும் கையுமாக வந்த மனைவி வள்ளியம்மையிடமும் அதே பேச்சை முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அவரைத் தள்ளிக்கொண்டு வந்து மாலதியின் எதிரே நின்றாள்.

"சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள்.

அந்தத் தெருவில் மூன்று நாளைக்குப் பிறகு மாலதியிடம் ஒருத்தி கேட்ட முதல் வார்த்தை அது. அதுவரை ஒரு சொட்டு கண்ணீர் விடாதவள், வாசலிலேயே வள்ளியம்மையின் தோளில் முகத்தை வைத்து விசும்பி விசும்பி அழுதாள்.